செந்நாரைக் கூட்டைச் சொன்ன வாய்

கோடையில் கூடு கட்டும் அரிய பறவையின் இடத்தை வெளியே சொல்வதில்லை. நார்ஃபோக் சதுப்பில் பறவை பார்ப்பவர்களுக்குள் அது எழுதாத சட்டம். தர்ட்டில் வீட்டார் அதைத் தங்கள் மானமாகவே காத்துவந்தார்கள். அந்த மானத்தை நம்பித்தான் பண்ணைக்காரர் லாமஸ் தன் நாணல் காட்டுக்குள் ஆம்ப்ரோஸ் தர்ட்டிலை விட்டிருந்தார்.

அந்த ஜூலைக் காலையில் ஆம்ப்ரோஸ் கரையேறியபோது வழியெல்லாம் கார்கள். கரை நெடுகத் தொலைநோக்கிகள் வேலி கட்டினாற்போல் நின்றன. செந்நாரை ஜோடி குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்து, இறங்கத் துணியாமல், வட்டமடித்து வட்டமடித்து விலகிப் போயிற்று. அந்த நாட்டில் செந்நாரை கூடு கட்டுவது குதிரைக் கொம்பு.

முன்பின் தெரியாத ஒருவர் வந்து அவர் கையைக் குலுக்கினார்.

"பெரிய மனசுங்க உங்களுக்கு, மிஸ்டர் தர்ட்டில். வேற யாராவதா இருந்தா வாயே தொறந்திருக்க மாட்டாங்க."

வட்டாரப் பறவைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் முந்தின இரவு செய்தி வந்ததாம், தர்ட்டில் என்ற பெயரோடு.

கூடு இருப்பது அவருக்கும் தங்கை வின்னிக்கும் மட்டுமே தெரியும். தட்டான் படம் எடுக்கப் போகிறவள் தெரியாமல் கூட்டைக் கலைத்துவிடக் கூடாதே என்று அவர்தான் சொல்லிவைத்திருந்தார்.

வின்னி வாய்க்காலோரம் கேமராவோடு குனிந்திருந்தாள்.

"நீதானா?"

"நான்தான்." அவள் நிமிரவில்லை. "பச்சைக் கண் தட்டான் இங்க பெருகிடுச்சுன்னு முதல்ல கண்டது நான். அத நீ சங்கத்து அறிக்கையில எப்படி எழுதின? 'தட்டான்களும் காணப்பட்டன.' கடைசி வரி. ஒரு நாளாவது ஊரு நான் சொன்ன இடத்துக்கு வரட்டும்னு தோணுச்சு. ஆனா பாரு, கையக் குலுக்குறதென்னவோ உனக்குத்தான்."

"அதுக்குக் குஞ்சுங்களைப் பட்டினி போடுவியா?"

அதற்குள் லாமஸ் டிராக்டரில் வந்து இறங்கினார். யார் சொன்னது என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

ஆம்ப்ரோஸ் தங்கையைப் பார்த்தார். சொல்வாள் என்றே நம்பினார். வின்னி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டிலேர்ந்து போனது, லாமஸ். என் பொறுப்பு."

"ஒங்கப்பா நாக்க அறுத்துக்கிட்டிருப்பாரு," என்றார் லாமஸ். இனி தர்ட்டில் வீட்டார் யாரும் தன் வேலியைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விரட்டப் போனார்.

கூட்டம் கலைவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அதற்கு வெகுநேரம் முன்பே நாரைகள் ஆற்றைக் கடந்து போயிருந்தன. ஆம்ப்ரோஸ் வேலிக்கு வெளியே நின்று அந்திவரை பார்த்தார். அவை திரும்பவில்லை.

வின்னி காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தாள்.

"ஏறு ஆம்ப்ரோஸ், இருட்டப்போகுது."

அவர் கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல், அந்நியர் வண்டிக்கு வழிவிடுகிற மரியாதையோடு. பிறகு சாலையோரமாக நடக்கத் தொடங்கினார்.