மாட்டு டாக்டரின் உயரம்

வக்கீல் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று செய்தி வெளியான வாரத்தில் அவருடைய மனைவி நான்கு விரல் உயரம் குறைந்தாள். அதே வாரத்தில்தான் தக்காளி விலை இரண்டு மடங்கானது, ஆற்றுப்பாலத்தை அடைத்து ஒட்டுப்போடும் வேலையும் ஆரம்பித்தது. ஆகையால் ஊரில் யாருக்கும் இதைப் பற்றித் தனியாக ஆச்சரியப்பட நேரமில்லை. முதலில் கவனித்தவர் தையல்காரர். மேடைக்கென்று தைத்த உடுப்பைப் போட்டுப் பார்க்க வந்தவளுக்குக் கை முழுவதும் துணி வழிந்தது. அளவு தப்பாக எடுத்துவிட்டோம் போலிருக்கிறது என்று அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருத்திக் கொடுத்தார். இரண்டாம் முறையும் வழிந்தபோது, தன் டேப்பை வேறொரு டேப்போடு ஒட்டிவைத்துச் சரிபார்த்துவிட்டு, "டேப்பு மேல குத்தம் இல்லீங்க" என்று மட்டும் சொன்னார்.

அவள் சந்தைத் தெருவில் கால்நடை மருத்துவமனை வைத்திருந்தாள். ஊரிலேயே நெட்டையான பெண். வக்கீல் அவளைக் கட்டியதே ஒரு எருமை வழக்கில்தான். எருமை எப்படிச் செத்தது என்று சாட்சி சொல்ல வந்தவளை அவர் ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். வழக்கில் தோற்றார், கல்யாணத்தில் ஜெயித்தார். அவர் அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே வருவார். அதை வைத்து வீட்டிலேயே கேலி உண்டு. இருவரும் சேர்ந்து சிரிப்பதுதான். ஆனால் வேட்பாளர் ஆனபிறகு வீட்டுக் கேலி ஊருக்குச் சொந்தமாகிவிட்டது. டீக்கடையில், வங்கி வரிசையில், சலூன் நாற்காலியில் எல்லாம் அதே பேச்சு. பெண்டாட்டி நிழலில் நிற்கிறவன் நமக்கு என்ன நிழல் கொடுக்கப்போகிறான் என்றார்கள். கட்சிச் செயலாளர் தொண்டை பெரிது என்பதால் சவுண்டு என்று பெயர் எடுத்தவர். அவர் வீட்டுக்கே வந்து உடைத்துச் சொன்னார்: "அண்ணி தப்பா நெனைக்கக்கூடாது. மேடையில உங்க பக்கத்துல நின்னா, அண்ணன் உங்க கைப்பையைத் தூக்கிட்டு வந்த ஆள் மாதிரி தெரியறாரு." அவர் சொல்லிமுடிக்கும் முன்னால் அவளுடைய கால் செருப்புக்குள் ஒரு விரல் பின்வாங்கியது. அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான். தேர்தல் முடிஞ்சா எல்லாம் பழையபடி ஆயிடும்" என்றார் வக்கீல். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

ஆனால் ஊர் ஒரே வாயால் பேசுகிற ஊர் அல்ல. ஆலைத் தெருக்காரர்களுக்கு அடக்கமானவள் வேண்டும். அந்தத் தெருவுக்குள் பிரச்சார வண்டி நுழைந்ததும் அவள் குறுகி, வண்டிக் கம்பியைப் பிடிக்க எட்டாமல் தடுமாறுவாள். வங்கி ஊழியர் குடியிருப்பில், படித்தவள் என்றால் ஒரு கம்பீரம் வேண்டாமா என்பார்கள். அங்கே நிமிர்ந்து நிமிர்ந்து மரக்கிளையில் தலையை இடித்துக்கொள்வாள். சிரித்தால் பல்லைக் காட்டுகிறாள், சிரிக்காவிட்டால் தலைக்கனம். பேசினால் வாயாடி, பேசாவிட்டால் ஊமைக் கோட்டான். சாதாரணத் துணி உடுத்தினால் வேஷம், நல்லதாக உடுத்தினால் யார் வீட்டுப் பணம். எந்தச் சொல்லும் வீண்போகவில்லை. அத்தனையும் அவள் எலும்பில் போய் ஏறின அல்லது இறங்கின. மூன்று அளவுச் செருப்புகள் வண்டியில் எப்போதும் இருந்தன. தையல்காரர் இழுத்துக் கட்டவும் தளர்த்தவும் வசதியாக எல்லா உடுப்பிலும் நாடா வைத்துக் கொடுத்தார். அந்த மோஸ்தர் பிடித்துப்போய் வேறு சில பெண்களும் தைத்துக்கொண்டார்கள்.

முதல் தேர்தலில் வக்கீல் தோற்றார். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொன்னார்கள். சொந்தக் கட்சிக்காரர்கள் மேடையைக் குறை சொல்லவில்லை, மனைவியைச் சொன்னார்கள். ஒரு வாரம் அதையே பேசிவிட்டு மறந்தும்போனார்கள். பேச்சு நின்ற நாளில் என்ன உயரம் இருந்தாளோ அந்த உயரத்திலேயே அவளும் நின்றுவிட்டாள். பழைய உயரத்துக்கு ஒரு முழம் குறைவு. அடுத்த தேர்தல் வரும்வரை அப்படியே ஐந்து வருடம் ஓடியது. அவர்களுடைய மகள் கல்லூரிக்குப் போனாள், வீட்டுக்குப் புது வர்ணம் அடித்தார்கள், சமையலறை அலமாரிகளைக் கீழே இறக்கிப் பொருத்தினார்கள். இரண்டாவது தேர்தலில், இவ்வளவு சின்ன உருவத்தை நாலு பேர் முன்னால் எப்படி நிறுத்துவது என்ற பேச்சு கிளம்பியது. அதைக் கேட்டு அவள் வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதைச் சொன்னவர்கள் இளக்காரமாகச் சொன்னார்கள்; இளக்காரத்தில் யாரும் வளர்வதில்லை. வக்கீல் மறுபடியும் தோற்றார்.

உயரம் போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். கை போனதுதான் உறைத்தது. உடம்போடு சேர்ந்து கையும் சுருங்கியிருந்தது. பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை விட்டுக் கன்றைத் திருப்பி எடுக்கிற கை அது. அதற்காகவே பக்கத்து ஊர்களிலிருந்தும் கூப்பிடுவார்கள். இப்போது தோள்வரை விட்டாலும் பழைய முழங்கை அளவுக்குத்தான் எட்டியது. ஒரு சினை எருமை, விரல் நுனிக்கும் கன்றின் குளம்புக்கும் ஒரு சாண் தூரம் இருக்கையில் அவள் கண்ணெதிரே செத்தது. அதன் பிறகு பெரிய மாடுகள் எதுவும் அவளிடம் வரவில்லை. கிளி வந்தது, பூனை வந்தது, காது சொறிகிற நாய்க்குட்டிகள் வந்தன. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் அதைச் சொல்லி அழுதபோது வக்கீல் அவள் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறிவிட்டு, "நாய் பூனை பாத்தா போதாதா? சாணி நாத்தம் இல்லாம, அதுவும் கௌரவமாத்தானே இருக்கு?" என்று ஆறுதலாகக் கேட்டார். அவள் நாற்காலியில் இருந்தபடியே இன்னும் கொஞ்சம் இறங்கினாள். மேசை விளிம்பு மோவாய்க்கு வந்தது. ஊர் பேசினால்தான் குறைகிறோம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தவளுக்கு அன்றுதான் விஷயம் விளங்கியது. அவள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள். வேறு என்ன செய்ய முடியும்? வீடும் அவருடையது, ஊரும் அவருடைய தொகுதி, தெருவில் இறங்கினால் சுவருக்குச் சுவர் அவருடைய படம், பக்கத்தில் அவளுடைய படம், எந்த நாளிலும் அவளுக்கு இல்லாத ஒரு உயரத்தில்.

மூன்றாவது தேர்தலின் கடைசிப் பொதுக்கூட்டத்தன்று சாயங்காலம் அவள் மேடையில், கால் தரையைத் தொடாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் தாய்மார்களின் பெருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மடியில் போன் அதிர்ந்தது. ஊர் எல்லையில் பால்பண்ணை நடத்துகிற பெண்மணி பேசினாள். அவளுக்கு மாடுகள் தெரியும், மாட்டுத் தீவனம் தெரியும். தேர்தல் நடப்பது தெரியுமா என்பது சந்தேகம். வழக்கமாக வருகிற வெளியூர் டாக்டர் கிடைக்கவில்லையாம்.

"காலையிலேர்ந்து முக்குது. ஒத்தக் கால்தான் வெளிய தெரியுது. தலையைக் காணோம்" என்றாள் பண்ணைக்காரி.

"என் கை இப்ப எட்டாதும்மா. எல்லாருக்கும் தெரியுமே."

"எட்டுமா எட்டாதான்னு வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. பால் வண்டிய அனுப்பியிருக்கேன்."

அவள் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். சவுண்டு முதல்முறையாகத் தன் வாழ்க்கையில் கிசுகிசுத்தார்: "உக்காருங்க அண்ணி, கேமரா ஓடுது. அண்ணன் பேசிட்டிருக்காரு." வக்கீல் பேச்சை நிறுத்தாமலே பக்கவாட்டில் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் அவள் மேடைத் துணியின் மடிப்புக்குள் தடுக்கி விழும் அளவுக்குச் சிறுத்தாள். ஆனாலும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கிவிட்டாள். வெளியே போகக் கூட்டத்தின் நடுவில்தான் வழி இருந்தது. முன்வரிசைக் கட்சிப் பெண்கள் புருஷன் பேசும்போது எழுந்து போகிறவளைப் பார்த்து ஒரே குரலில் உச்சுக்கொட்டினார்கள். அவர்களுடைய முழங்கால்களுக்கு இடையே அவள் ஓடினாள். நடுவில் இருந்த இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். அங்கே திடீரென்று வளர்ந்து, கட்டியிருந்த குழல்விளக்கு ஒன்றைத் தலையால் முட்டி அணைத்தாள். யாரோ ஒரு பெரியவர், இவள் எவனோடோ ஓடுகிறாள் என்றார். யாரோ ஒரு பெண், பாவம் வயிற்றுக்கு என்னவோ என்றாள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு உயரமாக, எலும்பெல்லாம் நெட்டி முறிய, அவள் நடந்தாள், ஓடினாள், மறுபடி நடந்தாள். வெளியே பால் வண்டியில் ஏற்றிவிட ஆள் தேவைப்பட்டது. வண்டிக்காரர் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்காதவர் என்பதால் வழியில் எதுவும் நடக்கவில்லை.

தொழுவத்தில் பசு ஒருக்களித்துக் கிடந்தது. பண்ணைக்காரி அதன் வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. "வந்துட்டீங்களா டாக்டர்? சுடுதண்ணி அங்க இருக்கு, சோப்பு பக்கெட்டுக்குப் பின்னால" என்றாள். டாக்டர் நாடாவை அவிழ்த்துச் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சோப்புப் போட்டாள். போடப் போடச் சோப்புக்கு இன்னும் தூரம் இருந்தது. முழங்கை வந்தது, அதைத் தாண்டியும் கை இருந்தது, தோள் எங்கேயோ இருந்தது. பண்ணைக்காரிக்கு டாக்டர் வேண்டியிருந்தது, டாக்டர் வந்துவிட்டாள். அவளைப் பற்றிப் பண்ணைக்காரியின் மனதில் வேறு எந்த எண்ணமும் இல்லை. டாக்டர் கையை உள்ளே விட்டுக் கன்றை முதலில் பின்னுக்குத் தள்ளி இடம் செய்துகொண்டாள். மடங்கிக் கிடந்த இன்னொரு காலைத் தேடி, குளம்பு கர்ப்பப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கையில் பொத்தி நேராக்கினாள். பின்பக்கம் திரும்பியிருந்த தலையைத் தாடையைப் பிடித்து வளைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு கால்களுக்கும் கயிறு போட்டு, பசு முக்கும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கன்று வந்து வைக்கோலில் விழுந்தது. மூக்கைத் துடைத்து, நெஞ்சைத் தேய்த்து, ஒரு துரும்பை மூக்கில் விட்டதும் தும்மியது. எழுந்து நின்றபோது டாக்டரின் தலை தொழுவத்துக் குறுக்குக் கட்டையில் இடித்தது. அவள் அங்கேயே சாய்ந்து நின்று வெகுநேரம் அழுதாள். "கட்டை கொஞ்சம் தாழ்வு. ஏத்தி வெக்கணும்" என்றாள் பண்ணைக்காரி.

வக்கீல் அந்தத் தேர்தலில் ஜெயித்தார். மனைவி எழுந்துபோனதால் வந்த அனுதாபம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. எழுந்துபோகும் அளவுக்குச் சுதந்திரம் கொடுத்தவர் என்று இன்னொன்று எழுதியது. இரண்டிலும் அவள் வெவ்வேறு உயரம். சந்தைத் தெரு மருத்துவமனையைக் காலி செய்துவிட்டுப் பால்பண்ணைக்கே மாற்றிக்கொண்டாள். தினம் காலையில், ஊர் கொடுத்த அளவில் வீட்டிலிருந்து கிளம்புவாள். பண்ணைக் கேட்டுக்குள் நுழைந்ததும் தன் அளவுக்கு வருவாள். பெரிய மாடுகள் மறுபடி வர ஆரம்பித்தன.

ஒருநாள் வக்கீல், கொடி கட்டாத காரில், கூட யாரும் இல்லாமல் அங்கே வந்தார். அவள் காய்ச்சல் கண்ட காளைக்கு ஊசிமருந்து ஏற்ற, பாட்டிலை உத்தரத்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று அவளைப் பார்த்தார். கொக்கி அவள் கையை விட்டு மெல்ல மேலே போனது. பாட்டில் எட்டாமல் அவள் கையிலேயே நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார் அவர்.

"சொல்லல. ஆனா வெளிய நில்லுங்க."

"இங்கயும் கூடாதா?"

"இங்க மட்டும்தாங்க நான் இருக்கேன்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை.

அவர் வெளியே போனார். காலியான பால்கேன் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, தொழுவத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பாட்டில் கொக்கியில் மாட்டிய சத்தம் அவருக்குக் கேட்டது. அப்படியே இருந்து, மகளுக்கு வேலை கிடைத்ததையும் மாடியில் ஒழுகுவதையும் பேசினார். உள்ளிருந்து பதில் வந்தது. மறுநாளும் வந்தார். சட்டமன்றம் இல்லாத நாட்களில் சாயங்காலம் அங்கேதான் இருப்பார் என்று தெரிந்துபோனதால், அவசரக்காரர்கள் அங்கேயே வந்து மனுக் கொடுத்தார்கள். அவர்களும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் மாட்டுக்கு ஆகாது என்று பண்ணைக்காரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வேலை முடிந்ததும் அவள் கைகழுவிக்கொண்டு வருவாள், இருவரும் வீட்டுக்கு நடப்பார்கள். கேட்டைத் தாண்டும் இடத்தில் அவள் வைக்கும் எட்டு சின்னதாகிவிடும் என்பதால், அங்கிருந்து அவர் நடையை மெதுவாக்கிக்கொள்வார்.