செபாஸ்தியம்மாள் வண்டியின் சத்தம்

செபாஸ்தியம்மாளின் பிக்கப் வண்டி வாசலில் வந்து நின்றதும், பட்டறையைப் பூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றியது அக்பர் அலிக்கு. போன வருஷம் பேகம்பூர்த் தெருவே பார்க்க, "டைனமோவ மாத்திட்ட திருட்டுப் பய" என்று அவர் சட்டையைப் பிடித்தவள் அவள். அவர் எதையும் மாற்றவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு தெருவில் தங்கிவிட்டது.

"ஒன்னத் தேடி வரணும்னு எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்ல," என்றாள் இறங்கும்போதே. "ரெண்டு பட்டறையில பேரிங்க மாத்தியாச்சு. இன்னும் அடிக்குது. இந்தச் சூசைதான் ஒன்கிட்டக் காட்டச் சொன்னான்."

டிரைவர் சூசை தலையைக் குனிந்துகொண்டான்.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய்த் தக்காளி ஏற்றித் திண்டுக்கல் சந்தையில் இறக்குகிற வண்டி அது. புருஷன் ஜெரோம் பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து அவள்தான் தொழிலைப் பார்த்தாள். வண்டி நின்றால் வீட்டில் உலை வைக்க முடியாது. இதெல்லாம் அக்பர் அலிக்குத் தெரியும். தெரிந்தும் இரக்கம் வரவில்லை.

"வேற எடம் பாருங்கம்மா."

"பாத்துட்டுத்தான வாரேன். தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு, போறேன்."

அது அவரைச் சுட்டது. சூசையை வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அவள் ஒரு முக்காலியை இழுத்து எஞ்சினுக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். "நீ கை வைக்கிற எடமெல்லாம் நான் பாக்கணும்."

டொக், டொக் என்று அடியிலிருந்து கனமான சத்தம். யார் கேட்டாலும் பேரிங் என்றுதான் சொல்வார்கள். அக்பர் அலி டீசல் பைப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒரு சிலிண்டருக்கு டீசலை நிறுத்தும்போது சத்தம் குறைந்தால் கோளாறு அதில்தான். நான்கையும் பார்த்தாயிற்று, சத்தம் குறையவில்லை.

"கிளச்ச மிதிப்பா."

சூசை மிதித்ததும் சத்தம் சட்டென்று மாறியது.

"பேரிங் இல்ல. பின்னாடி இருக்கு."

"அப்ப அவனுக மாத்துனது பூரா வெட்டியா?"

"அத அவனுகளப் போய்க் கேளுங்க."

"திமிரு மட்டும் கொறையல ஒனக்கு."

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். கிளச்சுக்குக் கீழுள்ள மூடியைக் கழற்றி, கம்பியை நுழைத்து ஃப்ளைவீலை நெம்பினார். எஞ்சினோடு சேர்ந்து சுழல வேண்டிய, தனியாகத் துளிகூட ஆடக்கூடாத அந்த இரும்புச் சக்கரம் டொக்கென்று ஆடியது.

சூசையும் கைகொடுக்க, மதியத்துக்குள் கியர்பாக்ஸ் இறங்கியது. மறுபடி அடியில் படுத்துக் கிளச்சைக் கழற்றினார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட்டுகளும் விரலுக்கே ஆடின. போல்ட் தானாகக் கழலாதபடி அதன் தலையோடு மடித்துவிட வேண்டிய பூட்டுத் தகடுகள், மடிக்காமல் தட்டையாகக் கிடந்தன.

பேரிங்கை எஞ்சினுக்கு அடியிலிருந்தே மாற்றிவிடலாம், மாற்றியவர்கள் இந்தப் பக்கம் வரவேயில்லை. இந்தச் சக்கரத்தைக் கடைசியாகக் கழற்றி மாட்டியது அவர்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கிளச் மாற்றியபோது, மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். வேலையைப் பாதியில் போட்டுப் போட்டு ஓடிய வாரம்.

"என்ன, பேச்சையே காணோம்? எடுத்துட்டுப் போக எதுவும் ஆப்ட்டுச்சா?" என்றது மேலிருந்து குரல்.

போல்ட்டை முடுக்கி, தகட்டை மடித்து, சரியாகிவிட்டது என்று சொன்னால் தீர்ந்தது. திருடன் என்றவளிடம் இந்தத் தப்பையும் எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்? வண்டி ஓரமாக சூசையின் கால்கள் தெரிந்தன. ஓட்டத்தில் சக்கரம் தெறித்திருந்தால் முதலில் போயிருப்பது அந்தக் கால்கள்தான்.

வெளியே வந்து அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். "பூட்டு மடிக்காம விட்டது நாந்தான். கிளச் மாத்துன அன்னைக்கு."

அவள் எழுந்துவிட்டாள். "கேட்டீங்களாப்பா! வண்டியக் கெடுத்தவனே வாயத் தொறந்து சொல்லிட்டான்! சூசைக்கு ஒண்ணு ஆயிருந்தா அவன் பிள்ளைகளுக்கு நீயாய்யா சோறு போடுவ?"

எதிர்த்த டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போன வருஷம் அவர் பதிலுக்குக் கத்தினார். இன்று புது போல்ட் வாங்கக் கிளம்பினார்.

திரும்பிவந்து அவற்றை முடுக்கித் தகடுகளை மடித்தபோது, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் நுழைந்தாள். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இது தூக்கிக்கிட்டு நிக்குது."

டார்ச்சை அடித்துப் பார்த்தார். நின்றுகொண்டுதான் இருந்தது. உளியை வைத்து மறுபடி தட்டினார்.

எல்லாவற்றையும் மாட்டி எஞ்சினை ஓடவிட சாயங்காலம் ஐந்து மணி ஆயிற்று. அடி இல்லை.

"இனிமே இந்த வாசல மிதிக்க மாட்டேன்," என்றாள்.

"மிதிக்காதீங்க."

வண்டி போனதும் அக்பர் அலி சாப்பிடக்கூட இல்லை. ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு சின்னாளப்பட்டி பஸ்ஸைப் பிடித்தார். அந்த வாரம் அவர் கிளச் மாற்றிய வண்டி இன்னொன்று உண்டு. கருப்பணன் நூல் மூட்டை ஏற்றுகிற வேன்.

விஷயத்தைக் கேட்டதும் கருப்பணன் முகம் கறுத்தது. "ஒன்றரை வருசம் ஓட்டியாச்சு, இப்ப வந்து சொல்றீரா?"

அவர் அடியில் போய் நெம்பிப் பார்த்துவிட்டு வந்தார். "ஆடல. ஆனா பூட்டு மடிச்சிருக்கான்னு தெரியல. காலையில பட்டறைக்குக் கொண்டாங்க, கழட்டிப் பாத்துருவோம்."

"முடியாது. லோடு இருக்கு."

"அப்ப விடிஞ்சதும் நான் இங்க வாரேன். நான் பாக்காம நீங்க இத எடுக்கக்கூடாது."

"என் வண்டிய எடுக்கக்கூடாதுன்னு சொல்ல நீரு யாருய்யா?"

அக்பர் அலி வேன் சாவிக்காகக் கையை நீட்டினார்.