கொக்குக்கு மூன்று கட்டம்

மாரெட்பள்ளி வீட்டுச் சமையலறையில் தோசைக் கரண்டியும் கையுமாக ஆக்னஸ் குதித்துக்கொண்டிருந்தாள். மிக்ஸிக்குப் பக்கத்தில் லேப்டாப். அதன் திரையில் ‘கொக்கு’ மூன்றே கட்டங்களில் உட்கார்ந்திருந்தது: கொ, க், கு.

பாளையங்கோட்டையிலிருந்து வேலைக்காக ஹைதராபாத் வந்தவள் அவள். வார நாட்களில் கம்பெனி. சனி, ஞாயிறுகளில் நண்பன் சரத்தோடு சேர்ந்து தமிழ்க் குறுக்கெழுத்து ஆப் ஒன்றை எழுதிவந்தாள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் எட்டு மாதமாக அதில் கொக்கு ஆறு கட்டங்களில் சிதறிக் கிடந்தது. புள்ளிக்கென்று தனியாக ஒரு கட்டம்! இன்று காலைதான் யாரோ இணையத்தில் போட்டுவைத்திருந்த குட்டி லைப்ரரி ஒன்று, அப்படியே எடுத்துச் சேர்க்கக்கூடிய நிரல் துண்டு, அகப்பட்டது. எழுத்துகளைப் பிரிப்பது மட்டுமே அதன் வேலை. தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

அமீர்பேட்டில் இருந்த சரத்துக்குப் போன் போட்டாள். “கெடச்சிட்டு சரத்! அப்படியே தூக்கி நம்ம புராஜெக்ட்ல போட்டுருதேன்!”

“இரு, லைசென்ஸ் என்ன போட்டிருக்கு?”

தேடினாள். எதுவும் இல்லை.

“அப்போ தொடக்கூடாது ஆக்னஸ். வெளில கெடந்தாலும் அது எழுதினவங்களோடது. அவங்க எழுத்துல அனுமதி குடுக்கணும்.”

அவள் முகம் வாடிவிட்டது. ஜெஸ்ஸி என்ற பெயரும் ஒரு மின்னஞ்சல் முகவரியும்தான் இருந்தன. நான்கு வருடங்களாக யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. இருந்தாலும் எழுதினாள், கீழே தன் ஊரையும் போன் எண்ணையும் போட்டாள்.

அடுத்த தோசை வேகுமுன் போன் அடித்தது. ஜெஸ்ஸிதான்.

“நிஜமாவே நான் எழுதின கோடா? அதை ஒருத்தரும் பாத்ததேயில்லைங்க! நீங்க மாரெட்பள்ளியா? நான் போலாரம், பக்கத்துலதான்!”

அடுப்பை அணைத்துவிட்டு, லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஆக்னஸ் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வழியெல்லாம் சிக்னல்களில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஜெஸ்ஸி பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சர். தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். மகள்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தர ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதினாளாம்; அதற்காகச் செய்ததுதான் அந்த லைப்ரரி. அவர்கள் இரண்டாம் நாளே தெலுங்குக் கார்ட்டூனுக்குத் திரும்பிவிட்டார்கள்.

“லைசென்ஸ் கைக்கு, எதுக்கு? எடுத்துக்கட்டும்னுதானே வெளில வச்சேன்?”

“அதை எழுத்துல சொல்லணும் மேடம்.”

“மேடம் நக்கோ, வேணாம். ஜெஸ்ஸி.”

இருப்பதிலேயே சின்னதாக ஒரு லைசென்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரும் பயன்படுத்தலாம், ஆனால் எழுதியவர் பெயரை எடுக்கக் கூடாது.

“என் பேரை எடுக்கக் கூடாதா? ஹவ், ஆமா, இதான் வேணும்!”

ஆக்னஸ் அந்த நிரலைத் தனி ஃபோல்டரில் வைத்து, ஜெஸ்ஸியின் பெயரையும் லைசென்ஸையும் சேர்த்தாள். பிறகு ஓர் ஆசைக்கு ‘ஸ்ரீரங்கம்’ என்று அடித்தாள். ஸ் ஒரு கட்டத்தில், ரீ இன்னொன்றில்! இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெஸ்ஸிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“இருங்க, நான் உங்க காப்பியிலேயே மாத்திடட்டுமா?”

“வேண்டாம் ஜெஸ்ஸி, அப்புறம் ரெண்டும் வேற வேறயாப் போயிரும். உங்க ஒரிஜினல்லயே திருத்துங்க. நான் திரும்ப எடுத்துக்கிடுதேன்.”

நான்கே வரிகள். ஸ்ரீ ஒரே கட்டத்தில் வந்து உட்கார்ந்ததும் ஜெஸ்ஸி சோபாமேல் ஏறிவிட்டாள். எல்லாவற்றையும் சரிபார்த்த சரத், ‘சேர்த்தாச்சு’ என்று செய்தி அனுப்பினான்.

மூச்சு வாங்க இறங்கிவந்த ஜெஸ்ஸி, கொஞ்சம் கூச்சத்தோடு இன்னொரு ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே இதேபோல ஏழு குட்டி லைப்ரரிகள்.

“இதுக்கெல்லாமும் லைசென்ஸ் போடணுமா?”

ஆக்னஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “மொத்தத்துக்கும்! மொதல்ல எது?”