கமலவேணியின் இரண்டாவது குரல்

இசைக்கருவிக் கடைக்காரர் சிட்டிபாபு தரையில் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒவ்வொன்றும் டிபன் பாக்ஸ் அளவு. காலால் அமுக்குவதற்கு மேலே பித்தான்.

"மைக்ல பாடிக்கினே நீலப் பெட்டிய அமுக்குங்கம்மா."

கமலவேணி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வரி எடுத்தாள். பெருவிரலால் அமுக்கியதுதான் தாமதம், ஸ்பீக்கரில் இன்னொரு பெண் குரல் அவள் குரலுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு கூடவே பாடியது. திடுக்கிட்டு நிறுத்தினாள். அதுவும் நின்றது.

"யாருங்க அது?"

"நீங்கதாம்மா! உங்க குரலையே எடுத்து ரெண்டாவது குரலா ஆக்கிக் குடுக்குது. ஹார்மனி பெடல்."

"நான் இப்படிப் பாட மாட்டேனே."

இரண்டாவது குரல் விஷயத்தில் அவளுக்கு மேல் பேச ஆள் கிடையாது. காஞ்சிபுரத்தில் பரசுராமனின் இன்னிசைக் குழுவில் பதினாலு வருஷம் இரண்டாவது குரல் பாடியவள் அவள்தான். முன்னால் நின்று ஸுஷ்மா பாடுவாள். பின்னால் கீபோர்டு வாசித்துக்கொண்டே இவள் சேர்ந்து பாடுவாள். 2008ஆம் வருஷம் குழு கலைந்தது. ஸுஷ்மா கல்யாணமாகி சிங்கப்பூர் போனாள். டிரம்ஸ்காரரும் கிடார்காரரும் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். பரசுராமன் ஜெராக்ஸ் கடை வைத்தார். கடைசியாக வந்த வாலாஜாபாத் கல்யாண வரவேற்பை மட்டும் அவர் கமலவேணியிடம் கொடுத்து, "நீ ஒருத்தியே பாடிடும்மா. கால்ல அமுக்கற மிஷினு வந்துகீதாம், மெட்ராஸ்ல போய்ப் பாரு" என்றார்.

அதனால்தான் இந்தக் கடை.

"அந்தச் சிவப்புப் பெட்டி இன்னா பண்ணும்?" என்று கேட்டான் அவள் புருஷன் முனிரத்தினம். தறியை ஒரு நாள் நிறுத்திவிட்டுத் துணைக்கு வந்திருந்தான்.

"அது லூப்பர். நீங்க பாடினத அப்படியே பிடிச்சு வெச்சு, திரும்பத் திரும்பப் பாடும். அதுமேல நீங்க வேற பாடலாம்."

"எது தேவலாம்?"

"எல்லாரும் ஹார்மனிதான் கேக்கறாங்க. ஆனா கடையில நின்னா ஒண்ணும் தெரியாதுப்பா. ரெண்டையும் எடுத்துக்கினு போங்க. கச்சேரி முடிஞ்சதும் வேணாங்கறத திருப்பிக் குடுங்க."

வீட்டில் இரண்டு நாள் சாதகம். நீலப் பெட்டி நேர் சுரங்களில் ஒழுங்காகத்தான் வந்தது. குரலை அசைத்தால் மட்டும் குளிர்ஜுரம் வந்தவள் மாதிரி நடுங்கியது. சிவப்புப் பெட்டியோ தாளத்தில் கால் ஒரு இம்மி பிசகினாலும் தடுக்கி விழுந்தது. பத்துத் தடவை தப்பாக அமுக்கிவிட்டு அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"கண்டிப்பா மானம் போகப்போகுது."

"யோசிச்சு மிதிச்சா அப்படித்தான்," என்றான் முனிரத்தினம், தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்காமல். "யோசிக்காம மிதி."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் நல்ல கூட்டம். நீலப் பெட்டியை நம்பித் தொடங்கினாள். முதல் இரண்டு பாட்டும் ஜோராகப் போயின. "இன்னொரு பொண்ணு எங்கப்பா?" என்று ஒருவர் மேடைக்குப் பின்னால் எட்டிக்கூடப் பார்த்தார்.

மூன்றாவது பாட்டுக்குக் குரல் நன்றாகச் சூடேறியிருந்ததால் கீபோர்டில் சுருதியை ஒன்றரைக் கட்டை ஏற்றினாள். பெட்டியிலும் மாற்றவேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. வாய் திறந்தாள். இரண்டாவது குரல் பழைய சுருதியிலேயே நின்று அபஸ்வரமாக இழுத்தது. சாப்பாட்டுப் பந்திக்குக் கிளம்பியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கமலவேணிக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. பெட்டியை ஒரே மிதியில் அணைத்துவிட்டு, சிவப்பை அமுக்கி, வந்தது வரட்டும் என்று நாலு தாளத்துக்கு 'லலலா' என்று இரண்டாவது குரலைப் பாடிப் பதிந்தாள்.

அந்த நேரம் பார்த்து மண்டப மேனேஜர் மேடையோரம் வந்து, சமையல்காரரைப் பார்த்துக் கத்தினார்: "பாயசம் வந்துச்சா?"

மைக் அதையும் பிடித்துக்கொண்டது.

லலலா, லலலா, பாயசம் வந்துச்சா? லலலா, லலலா, பாயசம் வந்துச்சா?

மண்டபமே சிரித்தது. மேனேஜர் யார் கேட்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அழிப்பதற்காகக் காலைத் தூக்கிய கமலவேணி, அந்தக் கேள்வி சரியாகத் தாளத்தில் வந்து விழுவதைக் கவனித்தாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. அடுத்த சுற்றில் ராகமாகவே பதில் சொன்னாள்: "வந்துச்சு... வந்துச்சு..."

அதற்கடுத்த சுற்றில் பிள்ளைகள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். இரண்டு மணி நேரமாகப் பட்டுப்புடவைக்குள் விறைத்து நின்ற கல்யாணப் பெண், மாப்பிள்ளை தோளில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அதை அழித்துவிட்டு ஒரு மெல்லிய பாட்டு எடுத்தாள். முதலில் இரண்டாவது குரலைப் பதிந்தாள், எங்கே வழுக்கவேண்டுமோ அங்கே வழுக்கி, எங்கே ஒதுங்கவேண்டுமோ அங்கே ஒதுங்கி. கால் தானாகவே இறங்கியது. அதற்கு மேல் முன்குரலைப் பாடினாள். ஸுஷ்மாவின் முதுகைப் பார்த்தே பாடிப் பழகியவள் முன்னால் அன்றைக்கு யாரும் இல்லை. பின்னால் நின்று தாங்கியதும் அவளே. இவ்வளவு நன்றாகவா நாம் பாடிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முனிரத்தினம் பந்திக்குப் போகாமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான்.

திங்கட்கிழமை நீலப் பெட்டி திரும்பக் கடைக்கு வந்ததும் சிட்டிபாபுவுக்கு ஏமாற்றம்.

"இதைத்தாம்மா எல்லாரும் வாங்கறாங்க. இன்னா கொறச்சல்?"

"கொறச்சல் இல்லைங்க. ரெண்டாவது குரல் பாடத் தெரியாம, கூட இன்னொருத்தி வேணுங்கறவங்களுக்கு நல்ல பெட்டி. எனக்கு அந்த வேலை தெரியும். அந்தச் சிவப்பு, நான் பாடறத பிடிச்சு வெச்சுக்கினா போதும்."

சிட்டிபாபு தலையை ஆட்டிக்கொண்டே சிவப்புப் பெட்டிக்கு அட்டைப்பெட்டி தேடினார்.

"கூடவே கரண்ட் ஒயரு நீளமா ஒண்ணு குடுங்க," என்றாள் கமலவேணி. "எந்த மண்டபத்துலயும் ப்ளக் பாயிண்ட்ட பொண்ணு மாப்பிள்ள நாற்காலிக்குப் பின்னாலதான் வெச்சிருக்கானுங்க."