பொம்மையைப் பெயர் சொல்லி அழைத்தவள்

பொம்மையைச் சாகடிக்கத்தான் எனக்குச் சம்பளம். நர்சிங் ஸ்கூலில் பயிற்சி நாடகம் எழுதுகிறேன். கட்டிலில் ரப்பர் பொம்மை, திரைக்குப் பின்னால் அதன் குரலாக நான். படிக்கிற பிள்ளைகள் வந்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

இப்போது போடும் நாடகம் எங்கள் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் நிஜமாகவே நடந்தது. அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து, காய்ச்சலோடு ஒரு சின்னப் பெண்ணை சூப்பர்வைசர் கூட்டி வந்தான். வயது பத்தாமல் அக்காவின் கம்பெனி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று மிரட்டியிருக்கிறான், பாவி. கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டதற்கும் ‘இல்லீங்க’ என்றான். ஊமை கண்ட கனவாக எல்லாம் அவளுக்குள்ளேயே போயிற்று. ஒரே ஊசியில் முடிந்துவிட்டாள்.

கூட வந்தவனை வெளியே அனுப்பிவிட்டு அவளிடமே கேட்டால்தான் நான் பேச வேண்டும் என்று எழுதினேன். பொம்மைக்கும் ஒரு கார்டு மாட்டினேன். ஒருத்தியும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஊசி போட்டார்கள், நான் மூச்சுத் திணறிச் செத்தேன். இப்போதெல்லாம் வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை. தொண்டையில் அந்தச் சின்னப் பெண்தான் உட்கார்ந்திருக்கிறாள். பயமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம், கரண்ட் போன நேரம், ஒச்சம்மாள் முறை வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், பனியன் கம்பெனித் தையல் மெஷினை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். சூப்பர்வைசராக நடித்தது அட்டெண்டர் திருமூர்த்தி.

“வெறுங் காய்ச்சல்தானுங்க. ஒரு ஊசியப் போட்டு உட்டீங்கன்னா சிப்டுக்குப் போயிருமுங்க,” என்றார்.

“நீங்க வெளிய போங்கண்ணே.”

“ஏனுங்க, நாந்தானுங்க கூட வந்த ஆளு.”

“போங்கன்னா போங்க.”

அப்பாடா, ஒருத்தியாவது வந்தாளே என்றிருந்தது எனக்கு. அவள் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொம்மையின் காதருகே குனிந்தாள்.

“கருத்தம்மா, அக்கா வந்திருக்கேன். இப்பவாவது சொல்லுத்தா.”

கருத்தம்மா என்று நான் எழுதவே இல்லை. செத்தவளின் சொந்தப் பெயர் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அந்த ஊசி எனக்கு ஆகாதுக்கா.”

ஒச்சம்மாள் ஊசியைத் தட்டில் வைத்தாள். நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் பொம்மையின் கையை விடவில்லை.

“மிஸ், பொழச்சிருச்சா?”

“பொழச்சிருச்சு கண்ணு.”

“அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவா?”