ஒற்றைக் கதிர்

நாலாவது வருஷமும் கம்பு முனியப்பனை ஏமாற்றியது. முன்பெல்லாம் ஆள் மறைகிற உயரத்துக்கு நின்ற பயிர் இடுப்பைத் தாண்டவில்லை. கதிரில் பாதி மணி பிடிக்காத பொக்கு. மழையைக் குறை சொல்ல முடியாது, எருவும் போட்டிருந்தான்.

பென்னாகரத்தில் விவசாய அதிகாரி மதியழகன் கேட்டார். "வெதை எப்படி எடுக்கறீங்க?"

"இருக்கறதுலயே பெரிய கதிர் ஒண்ணு. அத மட்டும் தனிப் பாத்தியில போட்டு, அதுல வெளையறதுதாங்க மறுவருஷ வெதை." பெருமையாகத்தான் சொன்னான். "பக்கத்துக் காட்டு மகரந்தம் சேராம இருக்க இருபது நாள் பிந்தித்தான் வெதைப்பேன்."

"எத்தன வருஷமா?"

"ஒம்பது."

"ஒரே வூட்டுக்குள்ளயே பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருக்கீங்க. அது சோந்து போகாம என்ன பண்ணும்? இதே கம்பு வேற யாரு கிட்டயாவது இருக்கா? வாங்கிக் கலந்து போடுங்க. இல்லன்னா ரெண்டு வருஷத்துல வெதையே மிஞ்சாது."

ஒருத்தியிடம் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் மனைவி பூவிழி அவனை விட்டுப் போனபோது ஒரு பை விதையும் எடுத்துப் போனாள். அதுவரை விதைக்கதிர் பொறுக்கியது அவள்தான். நெட்டை, குட்டை, தடி, ஒல்லி என்று கைக்கு வந்ததையெல்லாம் பறிப்பாள். கண் தெரியாதவள் என்று நாலு பேர் முன்னால் ஏசுவான்.

ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறி, அவள் அண்ணன் காட்டுக்குப் போனான்.

"வழி தெரிஞ்சுதுங்களா?" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"வெதை வேணும். நம்ம கம்பு."

"நான் திருடிட்டு வந்துட்டேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அதுங்களா?"

உள்ளே போய் ரெண்டு படி அளந்து வந்தாள். சாம்பலும் மஞ்சளுமாக, ஒன்றைப்போல் ஒன்றில்லாத மணிகள்.

"குட்டைக் கதிரும் வரும். கழிச்சுக் கட்டாதீங்க. மழை இல்லாத வருஷம் எனக்கு நின்னது அதுதான். நூறு கதிருக்குக் கொறையாம எடுங்க."

"அறுப்புக்கு நீ வந்து பொறுக்கித் தரியா?"

"அதுக்கு நான் ஆளில்லைங்க," என்றாள். "பஸ்ஸு போயிரும், கெளம்புங்க."

இரண்டு விதையையும் கலந்து விதைத்தான். தை மாதம் பயிர் தோளுக்கு மேல் நின்றது. ஒரு சாக்குப் பையோடு இறங்கி, வரிசைக்கு வரிசை பறித்தான். ஒல்லிக் கதிர் எதிர்ப்பட்டபோதெல்லாம் கை தயங்கியது. திட்டிக்கொண்டே பறித்தான். நூறு தாண்டியும் நிறுத்தவில்லை.

பொழுது சாய்ந்தது. பையைக் கட்டித் தூக்கினான். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை.