அவர் பேரில் வந்தவள்

கணவருக்கு உடுத்திவிட ஆஸ்பத்திரியில் சட்டை கேட்டிருந்தார்கள். அவள் நீலச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மூன்றாம் பீரியடில், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கரும்பலகையில் சாய்ந்து சரிந்தவர். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போனில் கொழுந்தன். "அண்ணி, உங்க விசா அண்ணன் பேர்லதானே? அவரே இல்லைன்னா உங்களை அங்க இருக்க விடமாட்டாங்க. பாப்பாவையும் கூட்டிக்கிட்டு ஒரேயடியா வந்துடுங்க."

"சரி தம்பி" என்றாள்.

வேறென்ன சொல்வது? ஊரில் அவளும் இங்கிலீஷ் டீச்சர்தான். அவருக்கு இங்கே வேலை கிடைத்ததும் விட்டுவிட்டு வந்தாள். டீச்சரின் மனைவியாக வந்தவள் வேலை பார்க்கக் கூடாது என்பது இங்கே சட்டம். "என்னைவிட நல்லா நடத்துவ. உன்னைப் போயி அடுப்படியில உக்கார வச்சுட்டாங்களே" என்று அவர் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது.

மறுநாள் தகனம் முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அருகே வந்து நின்றாள். அங்கே தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, இப்ப பேசற விஷயம் இல்லதான். ஆனா தள்ளிப்போட்டா காரியம் கெட்டுடும். சார் இடத்துக்கு நீங்க வருவீங்களான்னு ஹெச்எம் கேக்கச் சொன்னாங்க."

"நான் வேலை பாக்கக் கூடாதே."

"இந்த விசாவுலதான் கூடாது. ஸ்கூல்ல உங்க பேர்ல பர்மிட் கேப்பாங்க. நீங்க ஊருக்குப் போயிட்டு, அது வந்தப்புறம் திரும்பி வரணும்."

"குடுப்பாங்களா?"

"இழுத்தடிப்பாங்க. எனக்கும் இழுத்தாங்க." கணக்கு டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "குடுத்தாங்க."

தலைமையாசிரியை தூரத்தில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் அந்தப் பக்கம் திரும்பி, ஒருமுறை தலையசைத்தாள். பிறகு காரில் ஏறி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கொழுந்தன் மறுபடி கூப்பிட்டான். "டிக்கெட் போட்டுடட்டா அண்ணி?"

"போடுங்க தம்பி. அவரோட அஸ்தியைக் கொண்டுட்டு வர்றோம்." பாதி கட்டிய பெட்டியைப் பார்த்தாள். "ஆனா வீட்டைக் காலி பண்ணலை."

"அப்படின்னா?"

"திரும்பி வரணும். என் பேர்ல."

 "பாப்பா?" என்றான்.

"அவ என்கூட வருவா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மகள், பெட்டிக்குள் திணித்திருந்த குளிர்காலக் கோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக அலமாரியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.